ஆமை கீறிய முக்கோணம்

இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னுமாக நிற்றல் வேண்டுமென்பது தமிழாசிரியராகிய எமக்குப் பழக்கமான கொள்கை. ஆயினும் வகுப்பறையில் அதனைக் கைக்கொள்வோர் சிலரே. விதியை நெட்டுருப் பண்ணுவித்துவிட்டுச் செய்யுளைப் பின்னர்க் காட்டுவதே பெருவழக்காயிற்று. கணினிக்கு நிரலெழுதப் பயிற்றுவோரும் நெடுங்காலம் இவ்வழியே சென்றனர். மாறி என்பது யாது, நிபந்தனை என்பது யாது, கூற்றின் இறுதியில் எக்குறி இடுவது என வரைவிலக்கணங்களை அடுக்கி, அவை முடிந்தபின்னரே மாணாக்கனைக் கணினியருகே விடுவர். அதற்குள் அவன் பாதி வெறுத்திருப்பான். முதலில் ஒரு சிறு விளையாட்டை ஆக்குக, விதி வேண்டும்போது விதியைக் கேட்க என்னும் மறுவழியைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவாரும் உளராகலாம். கற்பித்தல் பற்றிய எதுவும் எமக்கு அயலன்று.

இவ்வழியை வகுத்தோருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர் சீமோர் பப்பேட். தென்னாபிரிக்காவிலே 1928 இற் பிறந்த கணித அறிஞர் இவர். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவிற் சில ஆண்டுகள் பணியாற்றியபின், அமெரிக்காவிலுள்ள மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தார். 1967 இல் இவரும் சிந்தியா சொலமன் முதலியோரும் கூடிச் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் நிரன்மொழியை ஆக்கினர். சில ஆண்டுகளில் அம்மொழிக்கு ஓர் ஆமை வாய்த்தது. நிலத்தில் ஊர்ந்து கோடு கீறும் பொறியாமையும், திரையில் ஊரும் ஆமையும் என அஃது இருவகைப்பட்டது.

ஆமைக்குத் தெரிந்தவை மிகச் சிலவே. முன்னே 100 அடி செல் என்றாற் செல்லும். வலப்புறம் 90 பாகை திரும்பு என்றால் திரும்பும். இவ்விரண்டையும் நான்குமுறை சொன்னாற் சதுரம் கிடைக்கும். அடுத்து முக்கோணம் கீறுக என்றால், சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை எனக் கணித வகுப்பிற் படித்த பிள்ளை, 60 பாகை திரும்பு என்றே எழுதும். ஆமை மூன்று பக்கமும் கீறி நிற்கும். ஆனால் முக்கோணம் மூடாது. அறுகோணத்தின் பாதி வாய்திறந்தபடி கிடக்கும். பிள்ளை எழுந்து நின்று, தானே ஆமையாகி அறைக்குள் நடந்து பார்க்கும்போதுதான், திரும்பவேண்டியது உட்கோணமன்று, 120 பாகையாகிய புறக்கோணம் என்பது தெளியும். சுற்றி வந்து சேர்வதற்குள் மொத்தம் 360 பாகை திரும்பினோம் என்பதும் உடன் தெளியும். ஆசிரியர் ஒருவரும் 'பிழை' என்று சொல்லவில்லை, படமே சொல்லிற்று. நம் முன்னோர் பிள்ளைகளை மணலிலே விரலால் எழுதுவித்ததும் இதனோடு ஒருபுடை ஒத்ததே. ஏட்டிற் கீறியது நிலைக்கும். மணலில் எழுதியதோ உள்ளங்கையால் தடவ மறையும்.

எம் கல்லூரியிற் கணினி கற்பிக்கும் நண்பர் தொடக்கத்தார்க்கு முதலிற் கொடுப்பது எண் கண்டறியும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளும். ஆடுவோர் ஓர் எண்ணைச் சொன்னாற் 'பெரிது' அல்லது 'சிறிது' என மறுமொழி கூறும். இச்சிறு ஆட்டத்தை ஆக்குவதற்கே மறைத்து வைத்த எண்ணுக்கு ஓர் இடம், ஒப்பிடுவதற்கு நிபந்தனை, மீண்டும் மீண்டும் கேட்பதற்குச் சுழற்சி ஆகியன வேண்டும். வரைவிலக்கணங்கள் யாவும் தேவையின் பின்னே தாமாக வந்து நிற்கின்றன. ஆடத் தொடங்கியபின் வேறொன்றும் விளைகிறது. முதலில் 50, பின்பு 25 அல்லது 75 என எஞ்சியதைப் பாதியாக்கிக்கொண்டே சென்றால், ஏழு முறைக்குமேற் கேட்கவேண்டுவதில்லை. இதனை அவர்கள் தாமே கண்டார்கள், நண்பர் சொல்லவில்லை.

அவ்வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து யான் கண்டது ஒன்றுண்டு. ஒரு மாணவியின் நிரல் 'பெரிது' எனவேண்டிய இடத்திற் 'சிறிது' என்றது. ஆடிய தோழி 99 வரை ஏறிச் சென்று திகைத்தாள். ஆக்கியவளோ சிரித்துக்கொண்டு, "இஞ்ச வந்து பாருங்கோ, என்ர கணினி பொய் சொல்லுது" என்று எல்லோரையும் அழைத்தாள். அதே மாணவி என் வகுப்பில் வெண்பா எழுதுகையிற் தளை தட்டினாற் கொப்பியைக் கையால் மறைப்பவள். பிழையை மறைப்பவளைப் பிழை காட்ட அழைப்பவளாக்கியது யாது? ஆட்டம் நடக்கவேண்டுமென்ற ஆசையே என நினைக்கிறேன். சிவப்பு மையைக் கொண்டு இத்தனை ஆண்டுகளில் அதனை யாம் செய்துவிடவில்லை.

இனிக் கருவிகள். பப்பேட்டின் வழிவந்த மிச்சல் ரெஸ்னிக் குழுவினர் 2007 இல் உலகிற்கு அளித்த 'ஸ்கிராச்' இவற்றுள் நன்கறியப்பட்டது. அதிற் கட்டளைகளை எழுதவேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளைக் கோத்தாற் போதும். உண்மை, பொய் கூறும் கட்டை அறுமூலை வடிவினது. அறுமூலைக் குழியில் அஃதன்றி வேறு கட்டை பொருந்தாது. எனவே எழுத்துப்பிழைக்கும் குறிப்பிழைக்கும் இடமில்லை. கருத்துப்பிழைக்கு மாத்திரம் தாராளமாக இடமுண்டு. இதுவே அதன் சிறப்பென்பேன். கட்டையிலிருந்து எழுத்துக்கு ஏறும் படி சற்றுச் செங்குத்தானதுதான். ஆயினும் 'பைதன்' மொழியிலும் ஓர் ஆமை உடன்வருவதால், பழகிய பிராணியோடே மேலேறலாம்.

தமிழ்ப்பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டளைச்சொல் மற்றொரு மதில். முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' என்னும் நிரன்மொழி அதனை அகற்ற முயன்றது. அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை 2009 இல் வெளிவந்தது. அச்சிட்டுக் காட்டுதற்குப் 'பதிப்பி' என்பது அதன் ஏவல். நிபந்தனையை முன்னே கூறி 'ஆனால்' என்பதைப் பின்னே வைக்கின்றது. தமிழ் வாக்கியமும் அவ்வாறு நடப்பதே. சுழற்சிக்கு 'வரை' என வைத்ததில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 'வரை' முடியும் எல்லையைக் காட்டுவது. நிபந்தனை உண்மையாயிருக்கும் காலத்தைக் காட்ட 'அளவும்' எனலாம். பண்டிதனுடைய முணுமுணுப்பு என்று விட்டுவிடுக.

அண்மைக் காலத்தில் வேறொருவகைக் கருவி வந்துள்ளது. வேண்டியதை வாக்கியமாகச் சொன்னால், முழு நிரலையும் அதுவே எழுதித் தந்துவிடும். தொழில் செய்வார்க்கு அது பெருந்துணையாகலாம். தொடக்கத்தானுக்கு, வினாவிற்கு முன்னே விடையை அச்சிட்ட கைந்நூல் போன்றது. அறுமூலைக் கட்டை எழுத்துச் சுமையை இறக்கி எண்ணும் வேலையை விட்டுவைக்கிறது. இதுவோ இரண்டையும் எடுத்துக்கொள்கிறது.

சென்ற தவணையில் ஒரு மாணவன் தூண்களுக்கிடையே பறவை பறக்கும் அழகிய ஆட்டமொன்றைக் கொண்டுவந்தான். ஒலியும் நிறமும் குறைவற இருந்தன. யார் எழுதியது என்று நண்பர் கேட்கவில்லை. "பறவை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பறக்கட்டும், தம்பி" என்றார். அவன் நிரலை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தான். எந்த வரி பறவையை நகர்த்துகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி அந்தக் கருவியையே கேட்க எழுந்தவனை இருத்தி, ஒரு தாளில் ஆமையின் இரண்டு கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். மூன்று மாலைகள் சென்றன. நான்காம் நாள் அவன் ஓடிவந்து எங்கள் இருவரையும் கூட்டிச் சென்றான். பறவை மெதுவாகத்தான் பறந்தது; ஆனால் பின்புறமாகப் பறந்தது. ஏனென்று தனக்குத் தெரியும் என்றான்.