தூண்டில் மடல்கள்

வாவிக் கரையிற் பிறந்து வளர்ந்தோர்க்குத் தூண்டிலின் இயல்பை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மீன் இரையைக் காண்கின்றது, முள்ளைக் காண்பதில்லை. மின்னஞ்சல் வழி நிகழும் மோசடியை ஆங்கிலத்தார், மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லையே எழுத்துச் சற்று மாற்றிப் 'பிஷிங்' என வழங்குகின்றனர். யாம் அதனைத் தூண்டில் மடல் என்போம்.

இம்மடல் வங்கியின் பெயரில் வரும். அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் வரும். சிலபோது நண்பரின் பெயரிலும் வரும். "உமது கணக்கு இன்றுடன் முடக்கப்படும்", "உமக்கு வந்த பொதி தேங்கியுள்ளது, சிறு கட்டணம் செலுத்துக" என அஃது அவசரப்படுத்தும். உடனுள்ள இணைப்பை அழுத்தின், உண்மைத் தளத்தைப் போன்றதொரு போலித் தளம் திறக்கும். அங்கே நாம் இடும் கடவுச்சொல் கள்வன் கைப்படும்.

இதன் தீங்கிற்கு வங்காளதேச மத்திய வங்கியின் கதை சான்றாகும். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலை தேடும் ஒருவர் எழுதியன போன்ற மடல்கள் அவ்வங்கி ஊழியர் சிலருக்கு வந்தன. அவற்றின் வழியே கள்வர் வங்கிக் கணினிகளுட் புகுந்தனர். 2016 பெப்ரவரியில், நியூயோர்க்கில் அவ்வங்கிக்கிருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரை மாற்றுமாறு பொய்க் கட்டளைகள் பிறப்பித்தனர். அவற்றுட் பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. எனினும் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் சென்றது. 2 கோடி டொலர் நம் இலங்கையை நோக்கி வந்தது. பெறுநர் பெயரிலிருந்த 'பவுண்டேசன்' என்னும் ஆங்கிலச் சொல் பிழைபட எழுதப்பட்டிருந்தமையால் வங்கியாளர் ஐயுற்று வினவினர், அத்தொகை தப்பியது.

ஓர் எழுத்துப்பிழை 2 கோடி டொலரைக் காத்தமை மொழியாசிரியராகிய எமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், செயற்கை நுண்ணறிவு இன்று பிழையற்ற மடலைத் தமிழிலும் எழுதித் தருகின்றது. ஆதலின் நடையை நோக்கி நம்பற்க; விடுத்தவர் யாரென நோக்குக.

இணைய முகவரியைக் கடித உறையின் முகவரி போல வாசித்தல் நன்று. உறையில் வீட்டின் பெயரை எவரும் விரும்பியவாறு எழுதலாம். ஊரும் நாடும் இறுதியில் நிற்கும். அவ்வாறே, தளப்பெயரின் இறுதிப் பகுதியே உரியவரைக் காட்டும். வங்கியின் பெயர் முன்னே நின்று, முடிவில் அறியாத பெயர் நிற்குமாயின் அது போலியே. நம் அரச திணைக்களங்களின் முகவரிகள் பொதுவாக 'ஜிஓவி புள்ளி எல்கே' என முடிவன.

பழைய மாணவர்க்கு இதிலே தனிக் கவலையும் உண்டு. நம்மவர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். கல்லூரிக்கான நன்கொடைகள் மின்மடலிற் பேசப்படுகின்றன. "கட்டட நிதிக்குரிய வங்கிக் கணக்கு மாறிவிட்டது" எனச் செயலாளர் பெயரில் ஒரு மடல் வரின் யாது செய்வது? மறுமடலிற் கேட்டலாற் பயனில்லை. அவருடைய அஞ்சற்பெட்டியே களவு போயிருப்பின் கள்வனே விடை தருவான். முன்பே அறிந்த தொலைபேசி இலக்கத்தில் நாமே அவரை அழைத்து, உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும்.

எம்முடன் பணியாற்றி இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், வங்கியின் பெயரில் வந்த மடலை நம்பினார். தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லையும் போலித் தளத்தில் இட்டார். அம்மாத ஓய்வூதியம் முழுவதும் போயிற்று. "பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன நானே ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?" என மூன்று நாள் வாய் திறந்திலர். அதற்குள் பணம் பல கை மாறிவிட்டது.

ஏமாந்தவர் வெட்கப்படற்க; வெட்கம் கள்வனுக்கே துணையாகும். உடனே வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்துக, கடவுச்சொல்லை மாற்றுக. இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம், பொலிசாரிடமும் முறையிடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கென இயற்றப்பட்டதே.

வள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புதல் நட்பிற்கு இழுக்கன்று. செயலாளரை அழைத்து ஒருமுறை கேட்டமைக்காக எந்த நண்பரும் எம்மை முனியார்.