பிறப்பைப் பார்த்தார்கள்!

வயிற்று நோய்க்கெனத் தனி மருத்துவம் எதற்கு என்று மருத்துவர்களே கேட்ட காலம் அது. 1886-இல் பெர்லினில் அதற்கென மருத்துவ நிலையம் திறந்தார் இஸ்மார் போவாஸ். 1895-இல் அத்துறைக்கு ஏடும் கண்டார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் குருதி, புற்றுநோயின் அறிகுறியாகலாம் என்று 1901-இல் எடுத்துக் காட்டினார். அவ்வழி வந்த சோதனை இன்றும் உயிர் காக்கிறது.

இந்த அறிஞருக்கு நாடு தந்த பரிசென்ன? அவர் யூதர், இட்லர் கூட்டத்துக்கு அதுவே குற்றம்! 1936-இல் வியன்னா சென்றார். 1938 மார்ச்சில் நாஜிப் படை அங்கும் புகுந்தது. சில நாட்களில், எண்பதை எட்டவிருந்த அம்முதியவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நாம் கேட்கிறோம்: வயிற்றுவலியில் துடித்தவனைத் தொட்டபோது, அந்தக் கை குலம் கேட்டதா? பிறப்பைக் கொண்டு அறிவை அளப்போர், தம் நாட்டின் நலத்தையே தொலைப்போரன்றோ!