விடுதலைக்குப் பின்னும் ஒரு சிறை

1974ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரில் இரண்டு மதுவிடுதிகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். பிழைப்பை நாடி அந்நாட்டில் குடியேறியிருந்த ஐரிஷ்காரர் அறுவருக்கு 1975இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தீர்ப்பு தவறென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 1991ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான்.

சிறைக்கதவு திறந்ததும் துன்பம் தீர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. பிழையாகத் தண்டிக்கப்பட்டு விடுதலையான 18 ஆடவரைப் பரிசோதித்த கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் ஏட்ரியன் கிரவுண்ட்ஸ், தாம் கண்டவற்றை 2004இல் வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோரின் இயல்பே நிலையாக மாறியிருந்தது. எவரையும் நம்ப இயலாமை, கொடுங்கனவு, காரணமற்ற அச்சம், தனிமை நாட்டம் ஆகியவை அவர்களை வாட்டின. போர்க்களத்திலிருந்து மீண்டவர்களிடம் காணப்படும் குறிகளையே இவை ஒத்திருந்தன.

இதற்குக் காரணம் யாது? குற்றம் புரிந்தவன் தண்டனை முடியும் நாளை எண்ணிக் காத்திருக்கலாம். நிரபராதியோ ஒவ்வொரு நாளும் அநீதியோடு போராடுகிறான். மேலும், நெடுங்காலக் கைதிகளைப் படிப்படியாக வெளியுலகுக்குப் பழக்குவது அந்நாட்டு வழக்கம். மேல்முறையீட்டில் வெல்பவனோ, எவ்வித ஆயத்தமுமின்றித் தீர்ப்பு நாளன்றே தெருவில் நிற்கிறான்.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் சில ஆண்டுகள் கழித்துச் சொந்த ஊர் செல்லும்போது, தெருவும் மனிதரும் மாறியிருக்கக் கண்டு திகைப்பதுண்டு. நாமாவது விரும்பிப் புறப்பட்டவர்கள். கடிதத் தொடர்பும் உடையவர்கள். அவனுக்கோ காலம் கைதான நாளிலேயே நின்றுவிட்டது. மடியில் தவழ்ந்த குழந்தை வளர்ந்து வேற்றாளாய் எதிரே நிற்கிறது. மனைவி தனித்துக் குடும்பம் நடத்தப் பழகிவிட்டாள். தன் வீட்டிலேயே அவன் விருந்தாளியாகிறான்.

இழப்பீட்டுப் பணம் வேண்டியதே. ஆயினும் அது மட்டும் போதாது. நம் நாட்டின் சட்ட ஆணையமும், தவறான குற்றச்சாட்டுக்கு ஆளானோருக்குப் பணத்தோடு மனநல ஆலோசனையும் தொழிற்பயிற்சியும் அளிக்க வேண்டுமென 2018இல் தந்த 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

அரசு செய்ய வேண்டியது ஒருபுறமிருக்க, அண்டை அயலார் செய்ய வேண்டியதும் உண்டு. மீண்டவனிடம் உடனே மகிழ்ச்சியை எதிர்பாராதிருப்போம். அவன் மௌனத்தை நன்றியின்மை என்று கொள்ளாதிருப்போம். அனைத்துக்கும் மேலாக, ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று முதுகுக்குப் பின்னால் பேசாதிருப்போம். நீதிமன்றம் துடைத்த களங்கத்தை மீண்டும் பூசும் உரிமை நமக்கில்லை.