போர் நின்றது, பிணக்குத் தீர்ந்ததா?

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலைதோறும் தமிழ்த் தொழிலாளர் திரளாகக் கூடுவர். அவருள் பலர் கைப்பேசி வழியே ஊரிலுள்ள தாய் தந்தையரோடு பேசிக்கொண்டிருப்பதைக் காணலாம். முந்தைய தலைமுறையினர்க்கு இவ்வசதி இல்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' முதலிய கப்பல்களில் வந்தோர், தந்தை இறந்த செய்தியைத் தந்தியிலோ கடிதத்திலோதான் அறிந்தனர். கப்பலேறி ஊர் சேர்வதற்குள் ஈமக்கடன் முடிந்திருக்கும். இன்று சென்னைக்கு வானூர்தியில் நான்கு மணி நேரப் பயணமே. எனினும், பிணங்கிய தந்தையும் மகனும் பேசாமலே ஒருவர் இறப்பதும், எஞ்சியவர் ஆற்றாது வருந்துவதும் இன்றும் நிகழ்கின்றன. எனவே இடையூறு கடல் மட்டும் அன்று என்பது தெளிவு.

இதனை விளக்கவல்ல வரலாறு ஒன்று, உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்ட புறநானூற்றில் உள்ளது.

உறையூர்ச் சோழனாகிய கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மக்கள் இருவர்க்கும் பகை மூண்டது. மக்கள் படையொடு எழ, தந்தையும் போருக்குப் புறப்பட்டான். அவனைத் தடுத்துப் புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியதே 213ஆம் பாட்டு. அதன் வாதத்தை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மக்களை எண்ணிப் பாராத இளையோர் என்றே புலவர் குறிக்கின்றார். ஆயினும் குற்றம் எவருடையது என்பதைத் தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. எதிர்த்து வருவோர் சேரரும் பாண்டியரும் அல்லர். உனக்குப் பின் இவ்வரசு அவர்க்கே உரியது. அவர் தோற்றால் உன் செல்வத்தை எவர்க்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்றால் உன்னை இகழ்வோர் அன்றோ மகிழ்வர்? இவையே அவர் கேட்பவை. வழக்கில் வென்றாலும் இழப்பே என்று உணர்த்துகின்றார். சோழன் போரைக் கைவிட்டான்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. அவன் வடக்கிருந்தான், அதாவது, வடதிசை நோக்கி உண்ணாதிருந்து உயிர்விடத் துணிந்தான். முன்னர்ப் பார்த்தறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து உடனிருந்தார். நண்பர் பொத்தியாரும் உடன் உயிர்விட விரும்பினார். சோழனோ, "உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்தபின் வா" என்னும் கருத்துப்படக் கூறி அவரைத் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்தபின் பொத்தியார் வந்தபோது சோழன் இல்லை. அவன் நடுகல்லே இருந்தது. அக்கல்லை நோக்கி, தமக்கும் இடம் தருமாறு அவர் கேட்பது 222ஆம் பாட்டு.

தன் மக்களால் நொந்த தந்தை, மற்றொருவன் தன் மகனைக் காணாமல் இறத்தலாகாது என்று எண்ணினான் எனக் கொள்ளலாம். ஆனால் அவன் மக்கள் வந்து அவனைக் கண்டனர் என்ற செய்தி இப்பாடல்களில் யாண்டும் இல்லை. போரை நிறுத்துதல் வேறு. உறவு கூடுதல் வேறு. நம் வீடுகள் பலவற்றிலும் சண்டை நின்றுவிடுகிறது. பேச்சு மட்டும் தொடங்குவதில்லை.

இக்கால மருத்துவமும் இதனைக் கருதுகின்றது. 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறப்பை நெருங்குவோரின் வலி உடலோடு நிற்பதன்று. மனமும் உறவும் சேர்ந்ததே முழு வலி என்றார். சிங்கப்பூரில் 1992இல் நிறுவப்பெற்ற டோவர் பார்க் முதலிய அந்திமக்காலப் பராமரிப்பு இல்லங்கள் இவ்வழியில் வந்தவை. அமெரிக்க மருத்துவர் ஐரா பையாக், 2004இல் வெளிவந்த நூலில், பிரியுமுன் சொல்லத்தக்கவை நான்கு என்றார்: மன்னிப்புக் கேட்டல், மன்னித்தல், நன்றி கூறல், அன்பைத் தெரிவித்தல்.

இவற்றைத் தந்தையிடம் வாய்விட்டுச் சொல்லத் தமிழ் மகன் கூசலாம். தாய் வழியாகவே தந்தையோடு பேசிப் பழகியவன் அவன். ஆயினும் அருகில் அமர்ந்து, "கஞ்சி குடிக்கிறீர்களா, அப்பா?" என்று கேட்பதும், கால் பிடித்துவிடுவதும், முகம் மழித்துவிடுவதும் அச்சொற்களின் பணியைச் செய்யும். பழைய வழக்கை எடுத்துத் தீர்ப்புக் கேட்க வேண்டுவதில்லை. கொடுமை இழைத்த தந்தையை மன்னிக்குமாறு எவரையும் வற்புறுத்துதலும் முறையன்று; சினத்தை இறக்கி வைத்தலே சிலர்க்கு இயல்வது.

நோயாளி நினைவிழந்த பின்னும் பேசலாம். இறக்கும் நிலையில் அசைவற்றிருந்தோர் சிலரின் மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவில் 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பொருளை உணர்ந்தனரா என்பதை அது நிறுவவில்லை; எனினும் பேசுதல் வீண் என்று கருத வேண்டுவதில்லை.

தந்தை முன்னமே இறந்திருப்பின்? பொத்தியார் கல்லோடு பேசினார். நினைவு நாளில் படத்தின் முன் நின்று சொல்லாததைச் சொல்வதும், ஒரு கடிதமாக எழுதி வைப்பதும் அத்தகையனவே.

வகுப்பில் 213ஆம் பாட்டையும் 222ஆம் பாட்டையும் சேர்த்துக் கற்பியுங்கள். பின், "அம்மக்கள் வந்தார்களா?" என்று மாணவரைக் கேளுங்கள். நூலில் விடை இல்லை. அன்று மாலை வீடு திரும்பும் மாணவன் ஒருவன் தன் தந்தையோடு இரண்டு சொல் கூடுதலாகப் பேசினால், அதுவே விடையாகும்.