முதுமையும் ஆட்டத்திறனும்: தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் பற்றிய ஒரு நோக்கு

தொழில்முறை விளையாட்டு வீரருக்கு உடலே உழைப்புக் கருவியாகும். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலே முப்பத்தைந்து வயதைக் கடந்த வீரர் பயன் தீர்ந்தவராகவே பெரும்பாலும் கணிக்கப்படுகின்றார். முதுமை ஆட்டத்திறன் முழுவதையும் ஒருசேரக் குறைக்கின்றதா, அன்றி அதன் கூறுகளை வெவ்வேறு வகையிற் பாதிக்கின்றதா என்பதே நாம் ஈண்டு ஆராய விழைவதாகும்.

வயது ஏற ஏற, விரைந்து சுருங்கும் தசை இழைகளே பெரிதும் நலிவடைகின்றன. இதனாற் பாய்ச்சலும், திடீரெனத் திசைதிரும்பும் ஆற்றலும், மீண்டும் மீண்டும் துள்ளியெழும் வலுவும் குன்றுகின்றன. களைப்பு நீங்குவதற்கும் கூடிய காலம் தேவைப்படுகின்றது. ஆயின் கையின் குறியும், எதிரியின் அசைவை முன்னுணரும் பட்டறிவும் அத்துணை விரைவில் அழிவதில்லை.

கரீம் அப்துல் ஜபாரின் ஆட்டம் இதற்குத் தக்க சான்றாகும். 1975-76 ஆட்டப் பருவத்தில், 28 வயதினரான அவர், ஆட்டமொன்றுக்குச் சராசரி 41.2 நிமிடங்கள் ஆடி 27.7 புள்ளிகளைப் பெற்றார். வளையத்திற்பட்டு மீண்ட பந்தை 16.9 தடவை கைப்பற்றினார். பத்தாண்டுகளின் பின்னர், 1985-86இல், 33.3 நிமிடங்கள் ஆடி 23.4 புள்ளிகளைப் பெற்றார். மீள்பந்தைக் கைப்பற்றியதோ 6.1 தடவை மட்டுமே. நிமிடக் கணக்கில் நோக்குமிடத்து, புள்ளி பெறும் திறன் குறையாதிருக்க, துள்ளலை வேண்டிநிற்கும் பணி பாதிக்கு மேலாகக் குறைந்துள்ளமை புலனாகும். தலைக்கு மேலாக ஒற்றைக் கையால் வளைத்தெறியும் அவரது 'ஸ்கைஹூக்' எறிமுறை, கால்வேகத்திலும் பார்க்க உயரத்தையும் பயிற்சியையுமே சார்ந்திருந்தது. 1979இல் அணியிற் சேர்ந்த மஜிக் ஜோன்சனின் துணையும் மறக்கற்பாலதன்று. இறுதியில் 1989இல், 42ஆவது வயதிலேயே அவர் ஓய்வுபெற்றார்.

எனவே, எஞ்சியிருக்கும் திறன் பயன்படுவது உழைப்பு நேரம் வகுக்கப்படும் முறையிலேயே தங்கியுள்ளது எனலாம். 2012 நவம்பரில், மயாமியில் நடைபெறவிருந்த ஆட்டத்துக்கு முன்னர், சான் அன்ரோனியோ அணி, 36 வயதினரான ரிம் டங்கன் உட்பட நால்வரை ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பியது. நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த ஆட்டம் அது. தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் அவ்வணிக்கு 250,000 டொலர் தண்டம் விதித்தது. அதே அணி 2013-14 பருவத்தில் எவ்வீரரையும் சராசரி 30 நிமிடங்கள்தானும் ஆடவிடாது வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றது. அப்போது டங்கனுக்கு வயது 38.

பெருஞ்செல்வம் ஈட்டும் இவ்வீரர்களைத் தொழிலாளர் எனல் பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். ஊதியத்தின் அளவு உடலின் விதியை மாற்றுவதில்லை. பருவமொன்றுக்கு 82 ஆட்டங்கள் என்னும் ஏற்பாட்டை நிர்ணயிப்பது தசையின் தேவையன்று, சந்தையின் தேவையே. 2023-24 பருவம் முதலாக, முக்கிய தனிநபர் விருதுகளுக்குப் பொதுவாக 65 ஆட்டங்களேனும் ஆடியிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டமையும் இப்போக்கையே காட்டுகின்றது.

முதுமை இயற்கையின் நியதி. எனினும், அனுபவம் முதிர்ந்த ஒருவரை எப்போது பயனற்றவரென ஒதுக்குவது என்பது இயற்கை மட்டும் தீர்மானிக்கும் விடயமன்று. உழைப்பை ஒழுங்கமைப்போரும் அதனைத் தீர்மானிக்கின்றனர் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியதாகும்.