வாளியிலும் சாக்கிலும் மரக்கறி

பத்துப் பரப்பில் வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரரிடம் ஒரு வாளியைக் கொடுத்து, "இதில் கத்தரி நடுங்கள்" என்று சொன்னால் சிரிப்பு வரும். சிலவேளை கோபமும் வரும். அந்தக் கோபம் நியாயமானதே. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும், அதே ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 2008, 2009 இல் வன்னியில் ஊர் ஊராக அலைந்தோரும் பறிகொடுத்தது வாளியளவு மண்ணையல்ல. வாளித் தோட்டம் காணிக்கு ஈடாகாது. காணியைக் கேட்கும் குரலை அது தணிக்கவும் கூடாது.

ஆயினும் காணி கிடைக்கும்வரை பிள்ளைகளின் கோப்பையில் கீரை இருக்க வேண்டும். பிறர் காணியில் குடியிருப்போருக்கு இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. மண்ணும் மரமும் காணிக்காரருடையவை. சாக்கும் அதிலுள்ள செடியும் உங்களுடையவை. எழும்பச் சொன்னால் ஏற்றிக்கொண்டு போகலாம். 2022 இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. இல்லாமையால் நீங்கள் முன்னரே பழகியதை நாடு முழுவதும் அப்போதுதான் பழகத் தொடங்கியது.

எதில் நடலாம்?

உரப்பை, அரிசிச் சாக்கு, வெடித்த வாளி, எண்ணெய் ரின் எதுவும் உதவும். பூச்சிமருந்து இருந்த கொள்கலனை மட்டும் எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்க வேண்டாம். அடியில் விரல் பருமனான துவாரம் நான்கைந்து இடுங்கள். கீரை, வல்லாரை, பொன்னாங்காணி என்பவற்றுக்கு அரை அடி ஆழ மண் போதும். மிளகாய்க்கு 10 லீற்றர் கொள்ளும் பாத்திரமும், கத்தரி, தக்காளி, வெண்டி என்பவற்றுக்கு 15 முதல் 20 லீற்றர் கொள்ளும் பாத்திரமும் வேண்டும். சிறிய பாத்திரம் விரைவில் சூடேறி விரைவில் காய்ந்துவிடும்.

மண் கலவை

செம்மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிவிடும். மணலை மட்டும் நிரப்பினால் நீர் நிற்காது. மேல்மண் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். புதிய தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடுமாதலால் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். பச்சைச் சாணம் வேரைக் கருக்கும்.

நீரூற்றும்போதெல்லாம் பசளைச் சத்தும் துவாரத்தால் கழுவுண்டு போகிறது. ஆகவே சாணத்தை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து வடித்து, தேநீர் நிறத்துக்கு ஐதாக்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

வேரை வெயிலிலிருந்து காத்தல்

தோட்டத்தில் நிற்கும் செடியின் வேர் குளிர்ச்சியைத் தேடிக் கீழே போகும். வாளிச் செடிக்கு அந்த வழி இல்லை. பக்கத்தில் படும் வெயில் நேரே வேரைச் சுடும். கறுப்புப் பொலித்தீன் பை இன்னும் கூடுதலாகச் சூடேறும். வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் சூடு குறையும். பாத்திரங்களை நெருக்கி அடுக்கி, மேற்குப் பக்கம் கிடுகு சாத்துங்கள். மாலை வெயிலையும் சோளகக் காற்றையும் அது மறிக்கும். சீமெந்துத் தரையில் நேரே வைக்காது கற்களின் மேல் வையுங்கள். மண்ணின்மேல் பூவரசங்குழையோ காய்ந்த சருகோ பரப்புங்கள். முழு நிழலும் ஆகாது. காய்க்கும் செடிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் தேவை.

தண்ணீர்

பொதுக் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீருக்காகவும் மனக்கசப்பு ஏற்படுவதை நாம் அறிவோம். அரிசி, மரக்கறி, மீன் கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். உப்பிட்ட நீரும் சவர்க்கார நீரும் வேண்டாம். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று ஊற்றத் தேவையில்லை. உவர்க் கிணற்று நீரானால் உப்பு பாத்திரத்திலேயே தேங்கும். அதற்காக இடையிடையே அடியால் வடியும்வரை ஊற்ற வேண்டும். மழை பெய்யும்போது வெளியில் விட்டுக் கழுவ விடவேண்டும்.

பெரிய சாக்கின் நடுவே மெருகிடாத சிறிய மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது கசிந்து வேரை நனைக்கும். சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே கையாளப்பட்ட முறை இது.

அடித்தட்டில் தேங்கும் நீர் டெங்கு நுளம்புக்கு வீடாகும். 2017 இல் இலங்கையில் 1,86,000 க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. தட்டு வைக்காதிருப்பதே நல்லது. வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

எதை, எப்போது?

தக்காளி இரவுக் குளிர்ச்சியை விரும்பும். இரவும் வெக்கையாக இருந்தால் பூ உதிரும். ஒக்டோபர், நவம்பரில் நாற்றுப் போட்டால் மார்கழி, தைக் குளிரில் பூத்துக் காய் பிடிக்கும். வெண்டி, கத்தரி, பயிற்றை, பசளி என்பன கோடையையும் தாங்கும். கீரை மூன்று நான்கு வாரத்தில் பிடுங்கலாம். நான்கு சாக்கு வைத்து, வாரத்துக்கு ஒரு சாக்காக விதைத்து வந்தால் தொடர்ந்து கீரை கிடைக்கும்.

பூச்சிக்கு, இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள்.

விதையைக் கைவிடாதீர்கள்

கத்தரியில் ஒரு நல்ல காயை மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். வெண்டியில் ஒன்றை முற்றிக் காய விடுங்கள். கலப்பின விதையில் வந்த செடி தாயைப் போல் வராது. ஊர் இனமே விதைக்கு உகந்தது. நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். நல்ல விதையென்றால் அயல் வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள். உங்களுடையது கெட்டுப்போனாலும் அங்கே அது இருக்கும். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் முதலில் தேவைப்படுவது விதை. அன்று அதைக் கடையில் தேடவேண்டி வரக்கூடாது.