ஆபரேஷனுக்குப் பின் இரத்தக் கொதிப்பு – கடைக்குத் திரும்பும் முன் கவனிக்க வேண்டியவை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். வணிகர்களாகிய நாமோ கடையைக் கவனிக்கும் அளவுக்கு உடம்பைக் கவனிப்பதில்லை. குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், தையல் பிரிக்கும் முன்பே கல்லாவில் வந்து உட்காருவதைத் தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் பார்க்கிறோம். அப்படி வருகிறவருக்கு ஏற்கெனவே இரத்தக் கொதிப்பும் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

ஏன் ஏறுகிறது?

மயக்கம் தெளியும் முதல் சில மணி நேரத்தில் பலருக்கு இரத்த அழுத்தம் ஏறும். வலி, பயம், குளிர் நடுக்கம், சிறுநீர் கட்டிக்கொள்வது, ஊசி வழியாக ஏற்றிய திரவம் ஆகியவை காரணம். அதனால்தான் டாக்டர் எடுத்த எடுப்பில் பிரஷர் மருந்தைக் கூட்டாமல், முதலில் வலியைக் குறைக்கிறார். சிறுநீர் போனதா என்று கேட்கிறார். காரணம் தீர்ந்தால் அழுத்தமும் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காமல் மிக அதிகமாகவே நின்றால் காயத்தில் இரத்தம் கசியலாம். மாரடைப்போ பக்கவாதமோ வரலாம்.

விட்டுப்போகும் மாத்திரை

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் பெரிய தவறு இதுதான். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளை ஆபரேஷனுக்கு முந்தைய நாளே நிறுத்தச் சொல்வது உண்டு. அதை மீண்டும் எப்போது தொடங்குவது என்று கேட்காமலே நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அட்டெனலால், மெட்டோப்ரலால், குளோனிடின் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினாலோ அழுத்தமும் நாடித் துடிப்பும் எகிறும். அதேசமயம், இரத்தம் அதிகம் போனவருக்கும் சாப்பிட முடியாதவருக்கும் அழுத்தம் தாழ்ந்தும் இருக்கலாம். ஆகவே நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடங்கவும் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே, "பழைய மாத்திரையில் எதை, எந்த நாளிலிருந்து, எத்தனை வேளை?" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

வலி மாத்திரை, ஜலதோஷ மாத்திரை

டைக்ளோபினாக், இபுப்ரூபன் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். சில பிரஷர் மாத்திரைகளுடன் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான மாத்திரைகள் சிலவும் அழுத்தத்தைக் கூட்டும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டும். கடையில் வந்து "வலிக்கு ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்று கேட்பவருக்கு ஒன்றிரண்டு மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்கும் வழக்கத்தை நாமும் விட வேண்டும்.

உப்புக் கணக்கு

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 600 கிராம்தான் வருகிறது. அதே வீட்டார் நம்மிடம் எத்தனை பாக்கெட் வாங்குகிறார்கள் என்பது நமக்கே தெரியும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், அப்பளம், மோர் வற்றல், கருவாடு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்தது என்று வரும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

மூட்டை தூக்கலாமா?

மூச்சை அடக்கி மூட்டையைத் தூக்கும் நொடியில் அழுத்தம் சட்டென்று உயரும், தையலும் இழுபடும். டாக்டர் நாள் குறிக்கும்வரை மூட்டையும் வேண்டாம், ஷட்டரை இழுப்பதும் வேண்டாம். மலச்சிக்கலால் முக்குவதும் இதே கெடுதலைச் செய்யும்.

அளப்பது எப்படி?

காபி, டீ, பீடி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பேசாமல் இரண்டு முறை அளந்து எழுதி வைக்க வேண்டும். 140/90க்கு மேலாகவே தொடர்ந்து காட்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். 180/120ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நெஞ்சு வலியோ பேச்சுக் குழறலோ வந்தபின், அழுத்தம் எத்தனை என்று அளக்கவும் காத்திருக்க வேண்டாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பெரியகுளம், போடி, கம்பம் அரசு மருத்துவமனைகளிலும் இரத்த அழுத்தம் பார்க்கக் காசு கிடையாது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரைகள் வீடு தேடியே வரத் தொடங்கின.

பத்து நாள் கடையை மகனிடமோ தம்பியிடமோ ஒப்படைத்தால் வியாபாரம் கொஞ்சம் குறையலாம். அதை அடுத்த மாதம் ஈடுகட்டிவிடலாம். பக்கவாதத்தில் விழுந்த கையை அப்படி ஈடுகட்ட முடியாது. உறுப்பினர்கள் இதை நினைவில் வைத்து, நம் கடைகளில் வேலை பார்க்கும் சுமை தூக்கும் தோழர்களுக்கும் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.